காதில் பேசுகிறவர்களும் ஆகாயத்தில் போகிறவர்களும்

(ஒரு படிப்பகத்தின் ஆண்டு விழாக் கூட்டத்தில் செய்த சொற்பொழிவின் சாரம்)



இந்தப் படிப்பகத்தின் ஆண்டு விழாவில் நாம் ஏதாவது பேசவேண்டுமென்று கேட்டுக்கொண்ட தோழர்கள், இன்ன விஷயத்தைப் பற்றித்தான் பேசவேண்டும் என்று சொல்லவில்லை. ஆனால் கூட்டம் தொடங்குவதற்கு முன் இங்கு வந்து உட்கார்ந்திருந்தபோது ஒரு காட்சியைக் கண்டோம். மேஜையைச் சுற்றிப் பத்துப் பன்னிரண்டு வாலிபர்கள் இருந்தார்கள். நான்கு பேர் கையில் புஸ்தகம் இருந்தது. மற்றவர்கள் காதில் சிறு கருவிகள் இருந்தன. புஸ்தகம் படிக்கிறவரைப் பார்த்து “என்ன படிக்கிறீர்?” என்று கேட்கிற வழக்கம் நம்மிடம் உண்டு, காதில் கேட்கிறவரை யாரும் ஒன்றும் கேட்பதில்லை. நாம் கேட்டோம். ஒருவர், சீமையில் பரிசு பெற்ற ஒரு நாவலைப் பற்றி இரண்டு பேர் பேசிக்கொள்வதைக் கேட்பதாகச் சொன்னார். இன்னொருவர், ஆகாயக் கப்பல்களைப் பற்றிய சம்பாஷணை என்றார். அப்போதே இன்றைக்குப் பேசவேண்டிய விஷயம் இதுதான் என்று முடிவு செய்துகொண்டோம்.

இதற்குப் பாட்காஸ்ட் என்று பெயர். இங்குள்ள வாலிபர்களுக்கு இது தெரியும். பெரியவர்களுக்காக இரண்டு வார்த்தை சொல்லுகிறோம். ரேடியோவில் பேசுவதென்றால் நிலையம் வேண்டும், சர்க்கார் அனுமதி வேண்டும், நேரக் கணக்கு வேண்டும். இதற்கு அவையொன்றும் வேண்டியதில்லை. இரண்டு பேர் ஒரு மைக்குக்கு முன் உட்கார்ந்து பேசியதைப் பதிவு செய்து இணையத்தில் போட்டுவிட்டால், வேண்டியவர்கள் வேண்டிய நேரத்தில் தங்கள் செல்போனில் வரவழைத்துக் கேட்டுக்கொள்ளலாம். பாட்காஸ்ட் என்கின்ற பெயரே 2004-ம் வருஷத்தில்தான் இங்கிலாந்துப் பத்திரிகை ஒன்றில் முதலில் எழுதப்பட்டது. அப்பொழுது ஐபாட் என்று ஒரு பாட்டுப் பெட்டி இருந்தது. அந்தப் பெயரில் பாதியையும், ஒலிபரப்பு என்பதற்கான இங்கிலீஷ் வார்த்தையில் பாதியையும் ஒட்டவைத்ததுதான் இந்தப் பெயர். அந்தப் பெட்டியைச் செய்வதை அதன் கம்பெனியார் 2022-ல் நிறுத்திவிட்டார்கள். பெட்டி போய்விட்டது, பேச்சு நிற்கவில்லை.

இது நமக்கு முற்றிலும் புதிய சங்கதியும் அல்ல. முன்னாளில் டீக்கடையில் ஒருவர் பத்திரிகையை உரக்கப் படிப்பார். எழுத்து வாசனை இல்லாத பத்துப்பேர் சுற்றி உட்கார்ந்து கேட்பார்கள். ஒருவர் “அதெப்படி?” என்பார். மற்றொருவர் பதில் சொல்லுவார். மூன்றாமவர் இருவரையும் மறுப்பார். டீ ஆறிப் போகும். ஆனால் புத்தி சூடாகும். இன்று வேலைக்குப் போகும் வழியிலும், பஸ்ஸிலும், தறிக்கு முன்னாலும், அடுப்புக்கு முன்னாலும் அதே மாதிரியான பேச்சு காதுக்கு வருகிறதென்றால், படிக்க நேரமில்லாதவனுக்கும் படிக்கத் தெரியாதவனுக்கும் அது பெரிய அனுகூலம் என்பதில் சந்தேகமில்லை. ஆகவே, நாம் இதைக் குறைசொல்ல வந்தவர்கள் அல்ல.

ஆனால் தோழர்களே, டீக்கடைக்கும் இதற்கும் ஒரு பெரிய வித்தியாசம் இருக்கின்றது. டீக்கடையில் “அதெப்படி?” என்று நீங்கள் கேட்கலாம். காதில் பேசுகிறவனை நீங்கள் கேட்கமுடியாது. அவன் பேசுவான், சிரிப்பான், மூன்று மணி நேரம் உங்களோடேயே நடந்து வருவான். தினம் கேட்கக் கேட்க அவன் உங்கள் சிநேகிதனைப்போல் ஆகிவிடுகிறான். உங்கள் முகத்தை அவன் பார்த்ததில்லை. உங்கள் பெயர்கூட அவனுக்குத் தெரியாது. ஆனால் நீங்களோ, “அவர் பொய் சொல்லமாட்டார்” என்கிறீர்கள். ஏன் சொல்லமாட்டார் என்றால், “அவர் குரல் எனக்குப் பழக்கம்” என்பதைத் தவிர வேறு பதில் இல்லை. பழகின குரல் ஆதாரமாகுமா என்று கேட்கின்றோம்.

இதை வெறும் வாதத்துக்காகச் சொல்லவில்லை. நமக்கு நேர்ந்த ஒரு அனுபவத்தைச் சொல்லுகிறோம். சில மாதங்களுக்கு முன் நம்மைப் பார்க்க ஒரு வாலிபர் வந்தார். மில்லில் வேலை செய்பவர், நல்ல புத்திசாலி, நம் கூட்டங்களுக்கெல்லாம் தவறாமல் வருகிறவர். வந்தவர், “அய்யா, சந்திரனில் மனிதன் இறங்கினான் என்பது முழுப்புரட்டு, தெரியுமா?” என்றார். “யார் சொன்னது தம்பி?” என்று கேட்டோம். அமெரிக்காவில் இரண்டு பேர் மூன்று மணிநேரம் பேசினதைக் கேட்டதாகச் சொன்னார். “கொடி ஆடுகிறதாம், காற்றில்லாத இடத்தில் எப்படி ஆடும்? படத்தில் ஒரு நட்சத்திரம்கூட இல்லையாம், ஏன் இல்லை?” என்று அடுக்கிக்கொண்டே போனார். நாம் மறுத்துப் பேச வாயெடுத்தோம். உடனே அவர் சிரித்துக்கொண்டு, “எதையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பாதே என்று சொல்லிக்கொடுத்ததே நீங்கள்தானே அய்யா! இதைமட்டும் ஏன் நம்பச் சொல்லுகிறீர்கள்?” என்று ஒரு போடு போட்டார்.

தோழர்களே! அந்தக் கேள்வி நம்மைச் சிறிது நேரம் வாய் மூடியிருக்கச் செய்துவிட்டது. நாம் செய்துகொடுத்த கத்தியை நம் பக்கமே திருப்பிவிட்டார் பிள்ளை. ஆனால் யோசித்துப் பார்த்தால், அவர் செய்தது சந்தேகப்படுவது அல்ல. ஒரு நம்பிக்கையை விட்டுவிட்டு இன்னொரு நம்பிக்கையைப் பிடித்துக்கொண்டதேயாகும். சந்தேகப்படுகிறவன் கேள்வி கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருப்பான். கேள்வி கேட்டதையே பதிலாக நினைத்துக்கொண்டு எழுந்து போகிறவன் சந்தேகப்படுகிறவன் ஆகமாட்டான். கேழ்வரகில் நெய் வடிகிறது என்று சொல்லுகிறவனிடத்தில் ஏமாறுகிறதும் தப்பு. கேழ்வரகே கிடையாது என்று சொல்லுகிறவனிடத்தில் ஏமாறுகிறதும் தப்பு.

ஆகவே அவருடைய கேள்விகளை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டோம். கொடி ஏன் விரிந்திருந்தது? காற்றில்லாத இடம் என்று தெரிந்துதான், கொடியின் மேல்பக்கத்தில் குறுக்கே ஒரு கம்பி வைத்துக் கொண்டுபோனார்கள். நடும்போது கம்பை ஆட்டினால் துணியும் ஆடும். காற்றுள்ள இடத்திலாவது காற்றுத் தடுத்து ஆட்டத்தைச் சீக்கிரம் நிறுத்தும். அங்கே தடுக்கக் காற்றில்லை. நட்சத்திரம் ஏன் இல்லை? வெயிலில் பளபளக்கும் தரையையும் வெள்ளை உடுப்பையும் படமெடுக்கக் காமிராவின் கண்ணை இமைப்பொழுதுதான் திறக்கவேண்டும். அதற்குள் மங்கலான நட்சத்திரம் பதியாது. ராத்திரியில் பிரகாசமான தெரு விளக்கின் கீழ் நிற்கிறவரைச் செல்போனில் படமெடுத்துப் பார்த்தால் வீட்டிலேயே இது தெரிந்துவிடும்.

நிற்க, போனார்கள் என்பதற்கு ருஜு என்ன? 1969 முதல் 1972 வரையில் ஆறு தடவை இறங்கி, 382 கிலோ கல்லும் மண்ணும் கொண்டுவந்தார்கள். அவை பல தேசத்து விஞ்ஞானிகளுக்கும் ஆராய்ச்சிக்குக் கொடுக்கப்பட்டன. அமெரிக்காவுக்குப் பரமவிரோதியாயிருந்த சோவியத் ரஷ்யாவும் 1970-ல் ஆளில்லாத யந்திரத்தை அனுப்பி நூறு கிராம் அளவுக்குச் சந்திர மண் எடுத்துவந்தது. இரண்டு தேசத்தாரும் தங்கள் மண்ணைப் பரிமாறிக்கொண்டு பார்த்தார்கள். பொய்யாயிருந்தால் அதை ஊரறிய அம்பலப்படுத்துவதில் ரஷ்யாவுக்கு இருந்த ஆசை வேறு யாருக்கு இருந்திருக்கும்? மேலும் அங்கே வைத்துவிட்டு வந்த கண்ணாடிப் பலகைகளின்மேல் பூமியிலிருந்து லேசர் ஒளியை அனுப்பினால், போய்த் திரும்ப இரண்டரை வினாடி ஆகிறது. அப்படித்தான் சந்திரனின் தூரத்தை இன்றும் அளக்கிறார்கள். 2009-ல் அமெரிக்கர் அனுப்பிய யந்திரம் இறங்கிய இடங்களைப் படமெடுத்தது. அது அவர்களுடைய யந்திரம்தானே என்றால், நம் தேசத்துச் சந்திராயன்-2 சந்திரனைச் சுற்றிவந்தபடி 2021-ல் அந்த முதல் இடத்தைப் படமெடுத்திருக்கின்றது.

இவ்வளவையும் கேட்டுவிட்டு அந்த வாலிபர், “இதையெல்லாம் அந்த இரண்டு பேர் சொல்லவேயில்லையே!” என்றார். விஷயம் அதுதான். சொன்னதில் புரட்டு இருப்பதைவிடச் சொல்லாமல் விட்டதில் புரட்டு அதிகம். எதிர்க்கட்சிக்காரன் இல்லாத கோர்ட்டில் எல்லா வழக்கும் ஜெயிக்கும்.

இனி, நல்ல சம்பாஷணை எப்படியிருக்கும் என்பதற்கும் ஒரு உதாரணம் சொல்லுகிறோம். அதே சந்திரப் பிரயாணத்தைப் பற்றி 2019-ல், அதாவது இறங்கி ஐம்பது வருஷமானபோது, பி.பி.சி. நிலையத்தார் “சந்திரனுக்குப் பதின்மூன்று நிமிஷம்” என்னும் கருத்துள்ள பெயரில் ஒரு பாட்காஸ்ட் செய்தார்கள். கெவின் பாங் என்னும் வைத்தியர் அதை நடத்தினார். இறங்குவதற்கு ஆன கடைசிப் பதின்மூன்று நிமிஷங்களில் என்ன நடந்தது என்பதை, அன்றைக்குப் பூமியில் கட்டுப்பாட்டு அறையில் உட்கார்ந்திருந்தவர்களையே கேட்டுக் கேட்டு, அன்றைக்குப் பதிவான குரல்களையும் நடுநடுவே போட்டுக் காட்டினார்.

அதில் தெரியவரும் ஒரு சம்பவத்தைக் கேளுங்கள். 1969 ஜூலை 20. கப்பல் இறங்கிக்கொண்டிருக்கிறது. திடீரென்று அதிலிருந்த கம்ப்யூட்டர் 1202 என்று ஒரு அபாய எண்ணைக் காட்டுகிறது. உள்ளே இருப்பவர்களுக்கு அதன் பொருள் தெரியவில்லை. இறங்குவதா, விட்டுவிட்டுத் திரும்புவதா என்று சில வினாடிகளுக்குள் முடிவு சொல்லவேண்டும். சொல்லவேண்டியவர் ஸ்டீவ் பேல்ஸ் என்பவர். அவருக்கு வயது 26. அவருக்குப் பின்னாலிருந்து யோசனை சொன்ன ஜாக் கார்மன் என்பவருக்கு வயது 24. இருவரும் “போகலாம்” என்றார்கள். கப்பல் இறங்கிற்று.

எந்தத் தைரியத்தில் சொன்னார்கள்? ஏதோ அசரீரி கேட்டா? இல்லை. அதற்கு இரண்டொரு வாரத்துக்கு முன் நடந்த ஒத்திகையில் இதேமாதிரி ஒரு எண் வந்தது. அப்போது பேல்ஸ் பயந்து “திரும்புங்கள்” என்று சொல்லிவிட்டார். அது தவறு, திரும்ப வேண்டியதில்லை என்று ஒத்திகை நடத்தினவர்கள் எடுத்துக்காட்டினார்கள். உடனே மேலதிகாரி ஜீன் கிரான்ஸ் என்பவர், கம்ப்யூட்டர் காட்டக்கூடிய எல்லா அபாய எண்களையும் ஆராய்ந்து, எதற்கு என்ன செய்வது என்று ஜாபிதா எழுதச்சொன்னார். கார்மன் அதைத் தன் கையால் எழுதி மேஜையில் வைத்துக்கொண்டிருந்தார். அந்தக் காகிதம்தான் அன்றைக்குக் கைகொடுத்தது. கம்ப்யூட்டருக்கு வேலை அதிகமாகிவிட்டது, அவசியமில்லாத வேலையைத் தள்ளிவிட்டு அவசியமானதைச் செய்துகொண்டிருக்கிறது என்பதுதான் 1202-ன் பொருள். அப்படி அவசரத்தில் முக்கியமானதை மட்டும் செய்யும்படி அதற்கு உத்தரவு எழுதிவைத்த கூட்டத்திற்குத் தலைமை வகித்தவர்களில் ஒருவர் மார்கரெட் ஹாமில்டன் என்ற பெண்மணி என்பதையும் நம் தாய்மார்களுக்குச் சொல்லிவைக்கிறோம்.

தோழர்களே, இதில் கவனிக்கவேண்டியது என்ன? அந்த மனிதர்கள், “நாங்கள் மகா மேதாவிகள், அதனால் ஜெயித்தோம்” என்று சொல்லவில்லை. “முன்னே தப்பு செய்தோம், தப்பைக் கண்டுபிடித்தோம், காகிதத்தில் எழுதி வைத்தோம், அதனால் பிழைத்தோம்” என்பதே அவர்கள் கதை. தன் தப்பைத் தானே சொல்லுகிறவன் பேச்சுக்கும், எல்லாரும் முட்டாள்கள் நான் ஒருவனே கண்டுபிடித்தேன் என்கிறவன் பேச்சுக்கும் உள்ள வித்தியாசத்தைக் காது பழகவேண்டும்.

இப்பொழுது நாவலைப் பற்றிய பேச்சைக் கேட்கும் தோழரிடம் வருகிறோம். “ருஜு ருஜு என்கிறீர்களே, நாவல் என்பது முழுதும் கட்டுக்கதைதானே! அதைப் பற்றிப் பேசுவதைக் கேட்பதில் என்ன அறிவு வரும்?” என்று சிலர் கேட்கலாம். அவர் கேட்டுக்கொண்டிருந்ததாகச் சொன்ன நாவலையே எடுத்துக்கொள்ளுவோம். இங்கிலாந்தைச் சேர்ந்த சமந்தா ஹார்வி என்ற பெண்மணி எழுதியது. ஆர்பிட்டல் என்று பெயர். சுற்றுப்பாதை சம்பந்தமானது என்று பொருள். 2023-ல் வெளிவந்து 2024-ல் புக்கர் பரிசு பெற்றது. நூற்று நாற்பது பக்கம்கூட இல்லாத சிறு புஸ்தகம். ஆகாயத்தில் சுற்றும் நிலையத்தில் ஆறு பேர் இருக்கிறார்கள். ஜப்பான், அமெரிக்கா, இங்கிலாந்து, இத்தாலி தேசத்தார் நால்வர், ருஷ்யர் இருவர். அவர்களுடைய ஒரே ஒரு நாளைச் சொல்லுவதுதான் கதை. அந்த ஒரு நாளில் பூமியைப் பதினாறு தடவை சுற்றிவிடுகிறார்கள். பதினாறு தடவை பொழுது விடிகிறது, பதினாறு தடவை சாய்கிறது. அந்த ஜப்பானியப் பெண்ணின் தாயார் பூமியில் இறந்துபோகிறாள், மகளால் போகமுடியவில்லை. பிலிப்பைன்ஸ் தீவுகளை நோக்கி ஒரு பெரும்புயல் போவதை மேலிருந்து எல்லோரும் பார்க்கிறார்கள். ஒருவராலும் அதைத் தடுக்கமுடியவில்லை.

இதை எழுதின அம்மாள் ஆகாயத்துக்குப் போனவரல்ல. எழுதும்போது நடுவில், போய்வந்தவர்களே எழுதியிருக்க, மேஜைக்கு முன் உட்கார்ந்திருக்கும் தனக்கு இதை எழுத என்ன யோக்கியதை இருக்கிறது என்று பயந்து கொஞ்ச காலம் நிறுத்தியே வைத்திருந்ததாகப் பேட்டிகளில் வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். பிறகு அந்த நிலையத்திலிருந்து வரும் படங்களைப் பார்த்துப் பார்த்து, படித்துப் படித்து எழுதி முடித்தார். நாம் சொல்லுகிறோம்: இது பொய்யல்ல. ஏன்? இது கற்பனை என்று அட்டையிலேயே சொல்லிவிட்டுத்தான் எழுதுகிறார். கற்பனையைக் கற்பனை என்று சொல்லிக் கொடுக்கிறவன் யோக்கியன். கற்பனையை நடந்தது என்று சொல்லி விற்கிறவன்தான் மோசக்காரன். சந்திரப் பிரயாணம் புரட்டு என்று மூன்று மணிநேரம் பேசினவர்கள் இட்டுக்கட்டியதையும் கதை என்று சொல்லிவிட்டுச் செய்திருந்தால் நமக்கு ஆட்சேபணையே இல்லை. நாமும் கேட்டுச் சிரித்திருப்போம்.

அன்றியும், நல்ல நாவலைப் பற்றிய நல்ல பேச்சு நம்மை விஞ்ஞானத்துக்கே கொண்டுபோய் விடுகிறது. அந்த நிலையத்தில் மனிதர்கள் மிதக்கிறார்கள். ஏன் மிதக்கிறார்கள் என்று நூறு பேரைக் கேட்டால், பெரும்பாலோர் “அங்கே பூமியின் இழுப்பு கிடையாது” என்பார்கள். இது தவறு. நிலையம் இருப்பது சுமார் 400 கிலோமீட்டர் உயரத்தில். இங்கிருந்து திருநெல்வேலிக்கும் சென்னைக்கும் உள்ள தூரம்கூட இல்லை. அங்கே பூமியின் இழுப்பு இங்குள்ளதில் பத்தில் ஒன்பது பங்கு அளவுக்கு அப்படியே இருக்கிறது. பின் ஏன் மிதக்கிறார்கள்? அவர்கள் விழுந்துகொண்டே இருக்கிறார்கள்! மணிக்கு 28,000 கிலோமீட்டர் வேகத்தில் பக்கவாட்டில் போவதால், விழ விழப் பூமியும் உருண்டையாய் வளைந்து விலகிக்கொண்டே போகிறது. விழுவது முடிவதேயில்லை, அதற்குப் பெயர்தான் சுற்றுவது. 2000-ம் வருஷம் நவம்பர் மாதத்திலிருந்து அந்த நிலையத்தில் ஆளில்லாத நாளே கிடையாது. 2025-ல் நம் தேசத்து சுபான்ஷு சுக்லாவும் அங்கே போயிருந்து வந்தார். இப்படி விளங்க வைக்கிற பேச்சு உயர்ந்த பேச்சு. “ஆகா, என்ன அற்புதம், என்ன அழகு” என்று இரண்டு பேர் மாற்றி மாற்றிப் பரவசப்படுவதில் நமக்கு என்ன லாபம்?

அந்த நாவலைப் பற்றியும் எல்லோருக்கும் ஒரே அபிப்பிராயம் இல்லை. “அழகாயிருக்கிறது” என்பவர்களும், “இதில் கதையே நடக்கவில்லையே” என்பவர்களும் இருக்கிறார்கள். அப்படிப்பட்ட இருவரை எதிரெதிரே உட்காரவைத்து நடத்துகிற பேச்சைத் தேடிக் கேளுங்கள். இருவரும் ஒரே தலையை ஆட்டும் பேச்சு பஜனையேயன்றி சம்பாஷணை ஆகாது.

ஆகவே தோழர்களே, காதில் ஒருவன் பேசத் தொடங்கினால் நான்கு கேள்விகளை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். முதலாவது, இது இவனுக்கு எப்படித் தெரியும்? பார்த்தானா, அளந்தானா, அளந்தவனைக் கேட்டானா, அல்லது இன்னொரு பாட்காஸ்ட்டில் கேட்டானா? இரண்டாவது, எதிர்ப்பக்கத்து வாதத்தை அதன் முழு பலத்தோடு சொல்லுகிறானா, அல்லது சோளக்கொல்லைப் பொம்மையாகச் செய்துவைத்து அடிக்கிறானா? மூன்றாவது, “எனக்குத் தெரியாது” என்றோ, “போன தடவை நான் சொன்னது தப்பு” என்றோ எப்பொழுதாவது சொல்லியிருக்கிறானா? நான்காவது, இதற்குப் பணம் யார் கொடுக்கிறார்கள்?

இந்த நான்காவதைக் கொஞ்சம் விளக்குகிறோம். பத்திரிகையில் விளம்பரம் கட்டம் போட்டுத் தனியாக இருக்கும். இந்தப் பேச்சுகள் பலவற்றில் பேசுகிறவனே, அதே சிநேகிதக் குரலில், பேச்சோடு பேச்சாக மாத்திரையையும் மெத்தையையும் சிபாரிசு செய்வான். எது அபிப்பிராயம், எது வியாபாரம் என்று பிரித்துக் கேட்கவேண்டும். அமெரிக்க ஆகாய ஆராய்ச்சி இலாகாவான நாசா தானே ஒரு பாட்காஸ்ட் நடத்துகிறது. புக்கர் பரிசுக்காரர்களும் தாங்களே ஒன்று நடத்துகிறார்கள். அவற்றில் நல்ல விஷயங்கள் நிறைய உண்டு, கேட்கத்தான் வேண்டும். ஆனால் தன் கடைச் சரக்கைத் தானே பேசுகிறவன் குறையைத் தேடிக்கொண்டு போகமாட்டான் என்பதையும் ஞாபகத்தில் வைத்துக் கேட்கவேண்டும்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். அந்த மில் தொழிலாளி கடைசியாக ஒரு நியாயமான கேள்வி கேட்டார். “போனதாகவே இருக்கட்டும் அய்யா, கீழே இவ்வளவு பேர் கஷ்டப்படும்போது மேலே போவதால் நமக்கு என்ன?” என்றார். இது கேட்கவேண்டிய கேள்வியே. அந்த நாவலில் புயலை மேலிருந்து பார்த்தவர்களால் தடுக்கமுடியவில்லை என்றோம். ஆனால் பார்த்ததைக் கீழே உள்ளவர்கள் உபயோகப்படுத்தினால் உயிர் பிழைக்கலாம். ஒரிசாவில் 1999-ல் அடித்த புயலில் சுமார் பதினாயிரம் பேர் செத்தார்கள். 2013-ல் அதே கரையில் மற்றொரு கடும்புயல் வந்தபோது செத்தவர்கள் நூற்றுக்கும் குறைவு. மேலே சுற்றும் யந்திரம் முன்கூட்டிக் காட்டியது ஒரு காரணம். கீழே தங்குமிடங்கள் கட்டி, சுமார் பத்து லட்சம் பேரை நேரத்தில் அப்புறப்படுத்தியது மற்றொரு காரணம். 1999-லும் மேலே யந்திரம் இருந்தது என்பதை மறக்கக்கூடாது. யந்திரம் மட்டும் யாரையும் காப்பாற்றாது; அது காட்டுவதை வைத்துக் காரியம் செய்கிறவர்கள்தான் காப்பாற்றுவார்கள். செலவழித்த காசு ஏழைக்குப் பயன்படுகிறதா என்று கேட்டுக்கொண்டேயிருக்கவேண்டும். அப்படிக் கேட்பவன் விஞ்ஞானத்துக்கு விரோதி ஆகமாட்டான்.

அந்தத் தம்பியின் கதையை முடித்துவிடுகிறோம். ஒரு நாள் சாயங்காலம் அவரைக் கூட்டிக்கொண்டு மொட்டை மாடிக்குப் போனோம். நிலையம் நம் ஊருக்குமேல் போகும் நேரத்தை முன்கூட்டியே பார்த்து வைத்திருந்தோம். இருட்டத் தொடங்கின சிறிது நேரத்தில், சொன்ன நிமிஷத்தில், சொன்ன திசையில் ஒரு வெளிச்சம் எழும்பியது. கண் சிமிட்டாமல், ஓசையில்லாமல், ஐந்து நிமிஷத்தில் ஆகாயத்தைக் கடந்து பூமியின் நிழலுக்குள் போய் மறைந்தது. நாம் பெருமையோடு அவரைப் பார்த்தோம். அவரோ கொஞ்சம் யோசித்துவிட்டு, “இதனால் இது இருக்கிறதென்று தெரிகிறது அய்யா. சந்திரனுக்குப் போனதற்கு இது ஆதாரமாகாதே!” என்றார்.

தோழர்களே, அன்று நாம் அடைந்த சந்தோஷத்துக்கு அளவில்லை. “சபாஷ் தம்பி! இதுதான் சரியான வழி. எந்த ருஜு எதற்கு ருஜு, எதற்கு ருஜு அல்ல என்று பிரிக்கத் தெரிந்துகொண்டாய். இனி எவன் காதில் பேசினாலும் உனக்குப் பயமில்லை” என்றோம். அவர் இப்பொழுது சந்திராயன் எடுத்த படத்தையும், அந்தக் கல்லையும் மண்ணையும் பற்றி ஆராய்ந்தவர்கள் எழுதினதையும் தேடிப் பார்த்துக்கொண்டிருக்கிறார். இன்னும் முடிவுக்கு வரவில்லை. வரட்டும்; அவசரமில்லை.

கடைசியாக, இந்தப் படிப்பகத்தாருக்கு ஒரு யோசனை சொல்லி முடித்துக்கொள்ளுகிறோம். வாரத்துக்கு ஒரு மாலை இந்த மேஜையைச் சுற்றி உட்காருங்கள். ஒருவர் தாம் கேட்டதையோ படித்ததையோ சொல்லட்டும். நாவலானாலும் சரி, ஆகாயமானாலும் சரி. மற்றவர்கள் குறுக்கே கேள்வி கேளுங்கள். இங்கிலீஷ் தெரிந்தவர் தெரியாதவருக்குச் சொல்லுங்கள். பெண்கள் ஒதுங்கி நிற்காமல் மேஜைக்கே வரட்டும். முடிந்தால் அதைப் பதிவு செய்து நம் பாஷையிலேயே ஊருக்கு அனுப்புங்கள். தப்பாகச் சொன்னதை அடுத்த வாரம் முதல் வேலையாகத் திருத்திச் சொல்லுங்கள்.

நாம் இவ்வளவு நேரம் பேசினதும் உங்கள் காதில்தான் விழுந்தது. இங்கே கூட்டமாய் இருக்கிறோம் என்பதால், கேள்வி கேட்க உங்களுக்கு வசதி இருக்கிறது. நாம் சொன்ன வருஷங்களையும் எண்களையும் சரிபாருங்கள்; காரணங்களை உங்கள் அறிவில் போட்டு உரைத்துப் பாருங்கள்; சரியென்று பட்டதை வைத்துக்கொண்டு மற்றதைத் தள்ளிவிடுங்கள். கேட்கவேண்டியவர்கள் இப்பொழுதே எழுந்து கேட்கலாம். நாம் காத்திருக்கிறோம்.